கைச் சத்திரசிகிச்சைக் கையேடுகள்: விதியும் காரணமும்

மருத்துவ நூல்கள் திறனாய்வாளரின் கவனத்துக்கு உட்படுவது அரிது. அவற்றுள்ளும் பயிற்சி மருத்துவர்க்கென எழுதப்படும் நடைமுறைக் குறிப்புகள் நூல் என்னும் தகுதியையே பெறுவதில்லை. ஆயினும், இரவுக் கடமையில் நிற்கும் இளம் மருத்துவர் முதலிற் புரட்டுவது பெருநூலையன்று, இக்குறிப்புகளையே. நசுங்கிய ஒரு கை மீண்டும் தொழிலுக்கு உதவுமா என்பது பல வேளைகளில் அந்த ஒரு பக்கத்திலே தங்கியுள்ளது. எனவே அப்பக்கம் எவ்வாறு எழுதப்படுகிறது என ஆராய்தல் பொருத்தமுடையதே.

இக்குறிப்புகளின் சிறப்பை முதலிற் கூறவேண்டும். விறைக்கச்செய்யும் ஊசியைப் போடுமுன் விரல்நுனியின் உணர்வைச் சோதிக்க என்பது ஒரு விதி. ஊசி போட்டபின் நரம்பு அறுந்ததா, மருந்தினால் விறைத்ததா என அறிய வழியில்லை. காயத்தைத் தொடுமுன் கை ஓய்ந்து கிடக்கும் நிலையை நோக்குக என்பது மற்றொன்று. ஓய்ந்த கையிலே விரல்கள் சுட்டுவிரல் தொடக்கம் சிறுவிரல் வரை படிப்படியாகக் கூடுதலாக மடங்கிக் கிடக்கும்; ஒரு விரல் மட்டும் நிமிர்ந்து கிடப்பின் அதனை மடக்கும் தசைநாண்கள் அறுந்திருத்தல் கூடும். துண்டிக்கப்பட்ட விரலை ஈரத்துணியிற் சுற்றிப் பையிலிட்டு, அப்பையையே பனிக்கட்டி நீரில் வைக்க என்பது மூன்றாவது. விரல் பனிக்கட்டியில் நேரே படின் உறைந்து சிதையும். இவற்றிலே பலர் கண்ட அனுபவம் சில சொற்களிற் செறிந்துள்ளது. சுருக்கம் இங்கு குறையன்று.

குறை வேறோரிடத்தில் உள்ளது. விதி அச்சேறுகையில் காரணம் உதிர்ந்துவிடுகிறது, காலமும் மறைந்துவிடுகிறது. விரலிற் போடும் விறைப்பூசியில் அட்ரினலின் கலக்கலாகாது என்பதைத் தலைமுறை தலைமுறையாக மாணவர் மனனஞ்செய்தனர். அவ்விதிக்கு அடிப்படை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விரல்கள் அழுகியமை பற்றி வெளிவந்த செய்திகளாகும். அக்காலத்தில் வழங்கிய புரொக்கேயின் நாட்படும்போது அமிலத்தன்மை மிகுந்து இழையங்களைச் சிதைக்கவல்லது என்பது பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. 1948இல் லிக்னோகெயின் வழக்கிற்கு வந்தபின்னரும் பழைய தடை நீடித்தது. கனடிய மருத்துவர் லலோன்டும் அவர்தம் சகாக்களும் கையிலும் விரல்களிலும் அட்ரினலின் பயன்படுத்திய 3,110 நிகழ்வுகளைத் தொடர்ந்து அவதானித்து, ஒரு விரலேனும் அழுகவில்லை என 2005இல் வெளியிட்டனர். குருதியோட்டம் ஏற்கெனவே குன்றிய விரலில் எச்சரிக்கை இன்றும் வேண்டும். அதனை உணர்த்துவதும் காரணமேயன்றி வெறுந்தடை அன்று.

இன்னோர் எடுத்துக்காட்டையும் நோக்கலாம். உள்ளங்கை மடிப்பிலிருந்து விரலின் நடுமூட்டு வரையான பகுதியில் இரு தசைநாண்கள் ஒடுங்கிய ஓருறையினுள் ஓடுகின்றன. அங்கே உடனடியாகத் தைத்தால் அவை ஒட்டிக்கொள்ளும் எனக் கண்ட ஸ்ரேர்லிங் பனல், அதனை எவர்க்கும் உரித்தல்லாத நிலம் என்றார்; தோலை மட்டும் மூடிவிட்டுப் பின்னர் தசைநாண் ஒட்டுச் செய்வதை வற்புறுத்தினார். அவரது பெருநூல் 1944இல் வெளிவந்தது. அன்றைய தையலுக்கும் கருவிக்கும் அது நேர்மையான முடிவே. 1967இல் கிளைனேர்ட் குழுவினர் அப்பகுதியிலும் உடனடித் தையல் நற்பயன் தருமெனக் காட்டினர். நிலம் மாறவில்லை, நுட்பமும் பின்னைய பயிற்சியும் மாறின. விதிகளும் வரலாற்றின் விளைபொருள்களே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கையேடுகள் காரணத்தைக் கைவிடும் இன்னோரிடம், நோயாளியின் தொழிலைக் கேட்கும் முதல் வரியாகும். வயது, வலக்கையரா இடக்கையரா, தொழில் என்பன யாவும் படிவத்தை நிரப்பும் விவரங்களாகவே தோன்றுகின்றன. விரல்நுனி நசுங்கிய நாதசுரக் கலைஞருக்கு நீளமும் நுனியுணர்வும் இன்றியமையாதன. நாட்கூலியாளரோ, விரலைக் குறுக்கி மூடினால் விரைவில் வேலைக்குத் திரும்பலாமென அதனையே வேண்டக்கூடும். அவ்வேண்டுகோளில் ஒலிப்பது உடற்கூறு மட்டுமன்று. ஊதியமற்ற வாரங்களைத் தாங்கவியலாத வாழ்நிலையுமாகும். அதனை உணராத மருத்துவர், ஏழைக்குக் குட்டை விரல் போதும் எனத் தாமே தீர்மானித்துவிடுவார். அது மருத்துவ முடிவன்று, வர்க்கத் தீர்ப்பு.

காரணம் மருத்துவரோடு நின்றுவிடவும் கூடாது. தைத்த தசைநாண் பயன்தருவது பின்வரும் பல வாரங்களின் கட்டையும் பயிற்சியையும் பொறுத்தது. ஏன் கட்டை அவிழ்க்கலாகாது, ஏன் விரலை அளவோடு அசைத்தல் வேண்டும் என்பது நோயாளிக்கு அவர்தம் மொழியிலே விளங்கவேண்டும். இது தமிழுக்குப் புதிய பணியன்று. மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூல் 1867இல் வெளிவந்தது. அந்நூலின் அறிவு பழையதாயிற்று. அதன் நோக்கம் பழையதாகவில்லை.

ஆகவே, நடைமுறைக் குறிப்புகளை ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. ஒவ்வொரு விதியுடனும் அதன் காரணமும், அது உருவான காலமும், அது பொருந்தாத இடமும் ஒவ்வொரு வரியிலேனும் இடம்பெறல் வேண்டும் என்கிறோம். காரணம் அறிந்தவரே விதியைத் திருத்தவல்லவர். அல்லாதார் கையிலே நல்விதியும் நாளடைவிற் சடங்காகிவிடும். அதற்கு விலை கொடுப்பது நோயாளியின் கை.