எண்ணிக்கையில் உண்டு, வாக்கில் இல்லை: ஊவாத் தோட்டங்களும் சட்டசபையும்

மலையகத் தமிழரின் அரசியலை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். அது நியாயமே. ஆனால் சபை இயங்கும் விதத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதி வரலாறுதான் கைக்கு வரும். ஆசனம் யார் தலையை எண்ணிப் பங்கிடப்படுகிறது, வாக்கு எப்படி ஆசனமாகிறது, ஆசனம் பெற்றவரின் அதிகாரம் எதுவரை செல்கிறது: ஹாலிஎல, பசறை, பண்டாரவளைத் தோட்டங்களின் அனுபவத்தை இந்த மூன்று கேள்விகளோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரரசு தந்த சபை

பிரித்தானியர் 1833இல் அமைத்த சட்டநிரூபண சபையில் அரச உத்தியோகத்தர் ஒன்பது பேர், உத்தியோகப்பற்றற்றவர் ஆறு பேர். அந்த ஆறில் மூன்று ஐரோப்பியருக்கு. சிங்களவருக்கும் தமிழருக்கும் பறங்கியருக்கும் ஒவ்வொன்று. எல்லோரும் ஆளுநரின் நியமனம். கோப்பி பயிரிட்ட துரைமாருக்கு அங்கே குரல் இருந்தது. காட்டை வெட்டிக் கோப்பி நட்டவர்களுக்கு இல்லை. இந்தியருக்கென இரண்டு தெரிவு ஆசனங்கள் வர 1924 ஆயிற்று. அப்போதும் வாக்குரிமை படிப்பும் வருமானமும் உள்ளவர்களுக்குத்தான். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் கோ. நடேசய்யர் உள்ளே நுழைந்தார். பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் அவர் ஆற்றிய பணியைச் சாரல்நாடன் நூலாக எழுதியிருக்கிறார். இத்துறையில் யாரும் முதலில் படிக்க வேண்டிய நூல் அது.

டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசால் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அரசாங்க சபையில் தெரிவானவர் ஐம்பது பேர், நியமனம் பெற்றவர் எட்டுப் பேர், அரச அதிகாரிகள் மூவர். லண்டன் மாநகர நிர்வாகத்தை ஒட்டி ஏழு நிர்வாகக் குழுக்கள் அமைந்தன. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்தது, அவரே அமைச்சர். பெரும்பான்மைக் கட்சியின் தயவில்லாமலே சிறுபான்மை உறுப்பினர் ஒருவர் அமைச்சராக முடிந்த ஏற்பாடு இது. ஹட்டனில் போட்டியின்றித் தெரிவான பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். எனினும் தோட்டத் தொழிலாளி வாக்காளர் இடாப்பில் சேர ஐந்தாண்டு வதிவையோ நிரந்தரக் குடியேற்றத்தையோ நிரூபிக்க வேண்டியிருந்தது. இவர்கள் இந்நாட்டவர்தானா என்ற சந்தேகப் பார்வை அன்றே தொடங்கிவிட்டது.

பதுளையின் இரண்டு ஆசனங்கள்

சோல்பரி யாப்பின் கீழ் 1947இல் வந்த பிரதிநிதிகள் சபையில் 101 பேர், தெரிவானவர் 95. கலப்புச் சனத்தொகையுள்ள சில இடங்கள் பல அங்கத்தவர் தொகுதிகளாயின. பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே இடலாம். சிதறாமல் போட்டால் சிறுபான்மையும் ஒருவரை அனுப்ப முடியும். லங்கா சமசமாஜக் கட்சியின் ஜே.சி.டி. கொத்தலாவலையும் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவும் பதுளையிலிருந்து சென்றார்கள். காங்கிரஸுக்கு மொத்தம் ஏழு ஆசனங்கள். தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளை கவிஞர், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாழ்க்கையை எழுதிய கை சபையிலும் அதற்காக உயர்ந்தது.

தலை எண்ணப்பட்டது

1948இன் சட்டம் தோட்டத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்தது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசையல்லாதவரை இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. பலரும் விரைந்து கடந்துபோகும் இடம் இதற்கு அடுத்தது. மாகாணங்களுக்கு ஆசனம் பங்கிட்ட விதி, 75,000 பேருக்கு ஒன்று, ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று. அந்த 75,000 வாக்காளர் எண்ணிக்கையன்று, சனத்தொகை. தோட்டத்து மக்களையும் எண்ணித்தான் மத்திய மாகாணத்துக்கும் ஊவாவுக்கும் ஆசனங்கள் தரப்பட்டிருந்தன. மக்கள் இடாப்பிலிருந்து போனார்கள். அவர்கள் பேரில் கிடைத்த ஆசனங்கள் அப்படியே நின்றன. அமெரிக்காவின் 1787ஆம் ஆண்டு யாப்பு அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, தென் மாநிலங்களுக்குக் கூடுதல் ஆசனம் கொடுத்தது. இங்கே தலை முழுதாகவே எண்ணப்பட்டது, வாக்குதான் இல்லை.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுத்தது. அதை நம்பி, றுவன்வெல்ல இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கு லண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953இல் தோற்றது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டிய சபையில் அவர்கள் தெரிவு செய்த ஒருவரும் இல்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்களான சௌமியமூர்த்தி தொண்டமான் 1960இலும் அஸீஸ் 1970இலும் நியமனத்தால் வந்தவர்கள். மூன்று அங்கத்தவரைக் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியாவில் தொண்டமான் 1977இல் வென்றபோதுதான் அந்த இடைவெளி முடிந்தது.

இலக்கமும் விருப்பும்

1977இல் ஹாலிஎல தனித் தொகுதி. 1978 யாப்பின் விகிதாசார முறை 1989இல் நடைமுறைக்கு வந்தபோது அது பதுளை மாவட்டத்தின் ஒன்பது வாக்களிப்புப் பிரிவுகளில் ஒன்றாயிற்று. இன்று மாவட்டத்துக்கு ஒன்பது ஆசனங்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒன்று போனஸ். மற்ற எட்டும் வாக்கு விகிதப்படி. கட்சி நிறுத்துவது பன்னிரண்டு பேரை. வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடி இட்டு, பிறகு விரும்பினால் மூன்று இலக்கங்கள் வரை புள்ளடி இடலாம். ஆகவே தோட்டத்துப் பிரசாரம் இலக்கத்தைச் சுற்றியே நடக்கிறது. லயத்துச் சுவரில் பெரிதாக எழுதப்படுவது இலக்கம். சங்கத் தலைவர் வீடுவீடாகச் சொல்லி மனப்பாடமாக்குவதும் அதுதான்.

மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உள்ள மலையகத் தமிழருக்கு இந்த முறை வாய்ப்பும் தருகிறது, ஆபத்தும் தருகிறது. விருப்பு வாக்கு குவிந்தால் இருவர் செல்லலாம். 2015இலும் 2020இலும் வடிவேல் சுரேஷும் அரவிந்தகுமாரும் அப்படிச் சென்றார்கள். 2024இல் தேசிய மக்கள் சக்தியிலிருந்து கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள். கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களாயிருக்கும் மாவட்டம், அம்பிகாவின் வெற்றியைக் கண்டது இத்தனை தாமதமாகத்தான். சங்கங்கள் பிரிந்து வேட்பாளர்களைப் பெருக்கினால் இந்தக் குவிப்பு உடைந்துவிடும்.

சபையின் கை எட்டிய தூரம்

வாக்கும் ஆசனமும் மட்டும் போதாது என்பதைப் பிரதேச சபைகள் காட்டின. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகச் சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட முடியவில்லை. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்பினார்கள். அவரால் லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிட முடியவில்லை. பாதை தோட்டக் கம்பனியின் பொறுப்பிலுள்ள காணி. திருத்தம் 2018இல்தான் வந்தது. ஊவா மாகாண சபையோ, 2014 செப்டம்பரில் தெரிவாகி 2019இல் காலம் முடிந்த பிறகு தேர்தலையே காணவில்லை. பாடசாலையும் ஆஸ்பத்திரியும் அந்தச் சபையின் விடயங்கள்.

இத்துறை ஆய்வு இனித் திரும்ப வேண்டிய திசை இதுவே. எத்தனை பேர் வென்றார்கள் என்ற கணக்கு நம்மிடம் உண்டு. வென்றவர்கள் என்ன பிரேரணை கொண்டுவந்தார்கள், எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நிதி போனது, தடுத்த விதி எது என்ற கணக்கு சபைக் குறிப்பேடுகளில் யாரும் தொடாமல் கிடக்கிறது. ஹாலிஎலப் பிரதேச சபையின் 2018க்குப் பிந்திய வரவுசெலவை ஒரு மாணவர் எடுத்துத் தோட்டவாரியாகப் பிரித்து எழுதினாலே, திருத்திய சட்டம் லயம் வரை வந்ததா என்பது தெரிந்துவிடும். அதை எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை வாக்களித்தவர்களுக்கு உண்டு.