ஒரு மணி நேரக் காடு

2012 மார்ச் 8. பிலிப்பைன்ஸில் கமரினெஸ் சூர் மாகாணத்துக் கடலோரச் சேற்றில் கிராமத்து ஜனங்கள் இறங்கி, ஒரே மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் அலையாத்திக் கன்றுகளை நட்டார்கள். கின்னஸ்காரர் வந்து சர்டிபிகேட் கொடுத்தார். கவர்னர் அதை வாங்கிக்கொண்டார். 2020-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, அதில் பிழைத்தது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

காரணம் எளிது. அலையாத்திக்கு உப்புத் தண்ணீர் பிடிக்கும் என்பது பாதி உண்மை. தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். தினம் சில மணி நேரமாவது வேர் மூச்சு விட வேண்டும். அலை அறைகிற இடத்தில் கன்று நிற்காது. பின்னே ஏன் அங்கே கொண்டுபோய் நடுகிறார்கள்? சரியான இடங்களை எல்லாம் எப்போதோ மீன் பண்ணையும் இறால் பண்ணையுமாக மாற்றிவிட்டார்கள். அதற்கெல்லாம் ஓனர் உண்டு. கடல் விளிம்புக்குக் கிடையாது.

சரி, அலையை முதலில் அடக்கினால்? செயற்கைப் பாறைத் திட்டு, மூங்கில் தடுப்பு எல்லாம் இந்த யோசனைதான். இந்தோனேஷியாவில், மத்திய ஜாவாவின் டெமாக் கடற்கரையில் 2015-லிருந்து 2021 வரை செய்து பார்த்தார்கள். மூங்கில் நட்டு, நடுவில் சுள்ளிக் கட்டுகளைத் திணித்து, தண்ணீர் ஊடுருவும் வேலி. கான்க்ரீட் சுவரில் மோதும் அலை திரும்பி வந்து அடிமண்ணைத் தோண்டும். சுள்ளி வேலியில் அலை களைத்துப்போகும். கொண்டுவந்த வண்டலை உள்ளே போட்டுவிட்டுப் போகும். சேறு உயர்ந்தால் விதை தானே மிதந்து வந்து முளைக்கும். கன்று வாங்கும் செலவுகூட மிச்சம்.

புத்திசாலித்தனமான திட்டம்தான். ஆனால் மூங்கிலைக் கப்பல் புழு தின்றது. அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், தரையே இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செமாரங் நகரமும் தொழிற்சாலைகளும் ஆழ்குழாய் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்ச, சில கிராமங்கள் வருஷத்துக்குப் பல சென்டிமீட்டர் தாழ்கின்றன. வீட்டுத் தரையை உயர்த்தி உயர்த்தி, கடைசியில் கூரை தலையில் இடிக்கிறது. இதற்கு வேலி என்ன செய்யும், பாவம்?

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அதில் இரண்டு மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளப்பாறையை வெட்டி எடுத்தது ஒரு முக்கியக் காரணம். தூத்துக்குடி பக்கம் கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற 2015-லிருந்து கான்க்ரீட் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். இயற்கை சும்மா கொடுத்ததை வெட்டி விற்றுவிட்டு, அதன் டூப்ளிகேட்டுக்கு டெண்டர் விடுகிறோம்.

பாறைத் திட்டும் அலையாத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசை முக்கியம். கரை ஏன் போகிறது என்று முதலில் பார்க்கணும். அப்புறம் அலை, வண்டல். கன்று கடைசியில்தான். நாம் போட்டோவுக்காகக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம். அடுத்த முறை யாராவது லட்சம் கன்று நட்டதாகச் சொன்னால், கை தட்டுவதற்கு முன் ஐந்து வருஷம் காத்திருங்கள்.