காற்றின் எடையை ரசிப்பது எப்படி?

அறிவியல் புரட்சியின் பெயர்ப்பட்டியல் பலருக்கும் மனப்பாடம். 1543-ல் கோபர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தார். 1609-ல் கெப்ளர் கோள்களின் பாதையை நீள்வட்டமாக்கினார். 1610-ல் கலிலியோ வியாழனின் நிலவுகளை அறிவித்தார். 1628-ல் ஹார்வி ரத்தம் சுற்றி வருவதைக் காட்டினார். 1687-ல் நியூட்டன் விண்ணையும் மண்ணையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தார். இதைப் பத்தாம் வகுப்போடு மூட்டை கட்டிவிட்டவர்கள் மேல் பிழையில்லை. ஆப்பிள் விழுந்த கதையையும் சாய்ந்த கோபுரத்தையும் மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் மேல்தான் பிழை. இந்தப் புரட்சிக்குள் நுழைய அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லை. காற்றுக்கு எடை உண்டு என்று கண்டுபிடித்த கதை போதும். வடசென்னை அனல்மின் நிலையம் நிற்கும் அத்திப்பட்டில் அந்தக் கதை இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அடிப்படை சுருக்கமாக. கிணற்றுப் பம்புகள் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்ற மறுத்தன. 1638-ல் வெளியான நூலில் கலிலியோ இதைக் குறிப்பிட்டு, தண்ணீர்த் தூண் தன் எடை தாங்காமல் அறுந்துவிடுகிறது என்று நினைத்தார். 1644-ல் டாரிசெல்லி தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்தார். அது 76 சென்டிமீட்டரில் நின்றது. வெளிக்காற்றின் எடை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் குழாயில் நிற்கிறது என்பது அவர் முடிவு. மேலே போகப் போகக் காற்றின் எடை குறைகிறதா என்று பார்க்க, 1648 செப்டம்பர் 19 அன்று பாஸ்கலின் மைத்துனர் பெரியே பாதரசக் குழாயோடு பிரான்சின் பூய் தெ தோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அடிவாரத்து மடத்தில் பெரியே இன்னொரு குழாயை வைத்து, நாள் முழுவதும் அதைப் பார்த்திருக்க ஒருவரை அமர்த்திவிட்டுத்தான் மலையேறினார். அந்தக் குழாயில் பாதரசம் அசையவில்லை. எனவே வானிலை மாறியதால் இறக்கம் வந்தது என்று யாரும் வாதாட முடியாது. வெற்றிடக் கோளத்தைப் பிரிக்க கெரிக்கே பதினாறு குதிரைகளைப் பூட்டிய காட்சியைத்தான் படம் போட்ட புத்தகங்கள் எல்லாம் கொண்டாடுகின்றன. அது கைதட்டலுக்கு. மலையடியில் சும்மா நின்ற அந்த இரண்டாவது குழாயை ரசிக்கத் தெரிந்தவரே புரட்சியை ரசிக்கத் தெரிந்தவர்.

அடுத்து, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு: உறிஞ்சுவது வேறு, தள்ளுவது வேறு. அடிபம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பாடநூலே எழுதினாலும் அது தவறு. கைப்பிடியை அழுத்தும்போது பம்புக்குள் உள்ள வாஷர் மேலே ஏறி, குழாய்க்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கிணற்று நீர்ப்பரப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் வெளிக்காற்று தன் முழு எடையோடு அழுத்தித் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. உறிஞ்சல் என்று ஒரு விசை இருந்தால் பலசாலி எத்தனை ஆழத்திலிருந்தும் தண்ணீர் எடுப்பார். ஆனால் எந்தப் பயில்வானும் பத்து மீட்டரைத் தாண்டியதில்லை. கசிவு, உராய்வு போக நடைமுறையில் ஏழெட்டு மீட்டர்தான். ஆழ்துளைக் கிணறுகளுக்காக 1970-களில் யூனிசெஃப் ஆதரவோடு உருவாகி, ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனத்தின் சென்னை ஆலையில் தயாரான இந்தியா மார்க் 2 கைப்பம்பில் சிலிண்டரையே தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்கள். மேலே உட்கார்ந்து இழுத்துப் பயனில்லை என்று தெரிந்தவர்களின் வடிவமைப்பு அது.

இந்தச் சண்டை அன்றே நடந்தது. குழாயின் மேல்வாயை விரலால் மூடினால் விரல் உள்ளே இழுபடுகிறதே, ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இழைதான் பாதரசத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்று 1661-ல் லைனஸ் என்ற பாதிரியார் வாதிட்டார். அவருக்குப் பதில் சொல்லப் போய்த்தான் ராபர்ட் பாயில் 1662-ல் தன் பெயர் தாங்கிய விதியை வெளியிட்டார்: அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கன அளவு பாதியாகும். சூத்திரத்தை மட்டும் எழுதிப்போட்டு லைனஸை விட்டுவிடும் ஆசிரியர்கள், உப்பில்லாமல் பரிமாறுகிறார்கள். ரகசியமாகச் சொன்னால், பட்டம் பெற்றவர்களிலும் பாதிப்பேர் இன்னும் லைனஸ் கட்சிதான்.

காற்றின் இந்தத் தள்ளலைப் பின்னர் எந்திரங்களும் பயன்படுத்தின. 1712-ல் நியூகோமன் தன் எந்திரத்தின் உருளைக்குள் நீராவியைக் குளிரவைத்தார். வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே தள்ளியது. 1769-ல் ஜேம்ஸ் வாட் அந்தக் குளிர்விப்பைத் தனிக் கலத்துக்கு மாற்றிக் காப்புரிமை பெற்றார். அத்திப்பட்டு நிலையத்தின் கன்டென்சர் அந்தக் கலத்தின் வாரிசு. டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவி, கடல்நீர் ஓடும் குழாய்களின் மேல் பட்டுத் தண்ணீராகிறது. வளிமண்டல அழுத்தத்திலேயே அது சுமார் 1,600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால் கன்டென்சருக்குள் அழுத்தம் பொதுவாக வெளிக்காற்றில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. வேக்குவம் குறைந்தால் மின் உற்பத்தியும் குறையும். வெற்றிடம் நீராவியை இழுப்பதில்லை. எதிரே தடுக்க ஆளில்லாததால் கொதிகலன் தள்ளும் நீராவி முழு வீச்சில் பாய்கிறது.

கடைசிப் பாடம் வடகிழக்குப் பருவமழையில். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் எத்தனையாம் எண் புயல் கூண்டு என்று கேட்பவர்கள், புயல் மையத்தின் ஹெக்டோபாஸ்கல் எண்ணையும் கேட்க வேண்டும். அந்த அலகில் இருப்பது பாஸ்கலின் பெயர். ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் டாரிசெல்லியின் குழாயில் பாதரசம் முக்கால் மில்லிமீட்டர் இறங்கும். கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஏறும். புயலில் கடல் பொங்கப் பெருங்காரணம் காற்றின் வேகம். மிச்சப் பங்கு இந்த எடைக் கணக்கினுடையது: புயல் மையம் கடலை உறிஞ்சுவதில்லை, சுற்றிலும் கனமாக இருக்கும் காற்று தண்ணீரை அங்கே தள்ளுகிறது.