அதே இடத்தில் அடுத்த பந்து

2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் மணிக்கு 161.3 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பந்தை இன்றும் சிலாகிக்கிற நண்பர்கள் எனக்குண்டு. அந்தப் பந்தை நிக் நைட் லெக் பக்கம் சாதாரணமாகத் தட்டிவிட்டார் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. வேகம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் வேகப்பந்து என்றதும் என் மனசில் ஓடிவருவது கிளென் மெக்ராத்.

பெரும்பாலும் 130-களில் வீசியவர். 124 டெஸ்ட், 563 விக்கெட், சராசரி 21.64. எண்களை விடுங்கள், அந்தக் கையைப் பாருங்கள். அலட்டல் இல்லாத ரன்-அப். ஸ்டம்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி கிரீஸுக்குள் வருவார். ஆறரை அடியை நெருங்கும் உயரத்திலிருந்து கை நேராக இறங்கும். பந்தை விடும்போது மணிக்கட்டு அதற்கு நேர் பின்னால் இருக்கும். சீம் சாயாமல் நிமிர்ந்தபடியே போய் ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே விழும். விழுந்தபின் எந்தப் பக்கம் நகரும் என்பது சில சமயம் அவருக்கே தெரியாது. பிறகு பேட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்? ஆடவும் முடியாது, விடவும் முடியாது.

'இயந்திரம் மாதிரி வீசுகிறார், பார்க்கச் சலிப்பு' என்பார்கள். ஆதர்டன் அவரிடம் 19 முறை அவுட் ஆனார், லாரா 15 முறை. அவர்களுக்குச் சலித்திருக்குமா?

இங்கிலாந்துக்கு எதிரான 2005 லார்ட்ஸ் டெஸ்ட். ஆஸ்திரேலியா 190-க்குச் சுருண்டிருந்தது. தேநீர் இடைவேளைக்குப் பிறகு பெவிலியன் முனையிலிருந்து மெக்ராத் வந்தார். முதல் பந்திலேயே டிரெஸ்கோதிக் ஸ்லிப்பில் கேட்ச். அது அவருடைய 500-வது விக்கெட். அடுத்து ஸ்ட்ராஸ். அந்த முனையிலிருந்து வீசினால் மைதானத்தின் சரிவே வலதுகை ஆட்டக்காரருக்குப் பந்தை உள்ளே கொண்டுவரும். அதை நம்பி லைனை மாற்றாமல் வீசிக்கொண்டே இருந்தார். வான், பெல், ஃபிளின்டாஃப் மூவரும் போல்டு. 31 பந்துகளில் 2 ரன் கொடுத்து 5 விக்கெட். மாயப்பந்து என்று ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் ஒரே பந்துதான்.

இந்த ஒழுங்கு பிறவியிலேயே வந்துவிடாது. யாராவது பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மெக்ராத்துக்கு முந்தைய தலைமுறை ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு இது உடம்பால் தெரியும். 1973-ல் முதுகெலும்பில் விரிசல். ஆட்டமே முடிந்தது என்றார்கள். உடம்பை அங்குலம் அங்குலமாகக் கட்டி எழுப்பி, 1974-75 ஆஷஸில் திரும்பிவந்து இங்கிலாந்தைக் கலங்கடித்தார். அந்த லில்லிதான் 1987 முதல் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்காகச் சென்னை வந்து நம் பையன்களின் ஆக்‌ஷனைச் சரிசெய்தார். இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமும் திரும்பினால் கீழ்முதுகு தாங்காது. முதலில் அதைச் சரிசெய், வேகம் பிறகு. ஸ்ரீநாத், ஜாகீர் கான், இலங்கையின் வாஸ் எல்லோரும் சேத்துப்பட்டு மைதானத்தில் பட்டை தீட்டப்பட்டவர்கள்தான். 2012-ல் லில்லியின் இடத்துக்கு மெக்ராத்தே வந்தது எனக்குத் தனி சந்தோஷம்.

இப்போது சில பயிற்சி முகாம்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பதினான்கு வயசுப் பையனுக்கு ஸ்லோயர் பால், நக்கிள் பால், வைட் யார்க்கர் என்று வாரத்துக்கு ஒன்று சொல்லித் தருகிறார்கள். ஆறு பந்தை ஒரே இடத்தில் போடச் சொன்னால் அவன் திணறுகிறான். ஒருவர் நாலு ஓவர் மட்டுமே வீசும் டி20 ஆட்டத்துக்கு இது போதும் என்கிறார்கள். நாலு ஓவரிலும் அடி வாங்காமல் தப்பிப்பவன் லெங்த் தெரிந்தவன்தான்.

உங்கள் வீட்டுப் பையன் வேகமாக வீசுகிறானா? முதல் நாளே ஸ்பீடு கன்னைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் விடாதீர்கள். அவன் முன்கால் எங்கே விழுகிறது, தோள் எப்படித் திரும்புகிறது என்று ஒரு வாரம் பேசாமல் நின்று பார்க்கிற பயிற்சியாளரைத் தேடிப் பிடியுங்கள். கிடைத்தால் ஐந்து வருஷம் அவரை விட்டுப் போகாதீர்கள்.