மூக்கைச் சொறியும் மான்

நண்பர் ஒருவர் தாம் எடுத்த புகைப்படத்தைக் காட்டினார். மாமல்லபுரத்து மான். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. அடியில் ‘ஓய்வு’ என்று எழுதியிருந்தார். கல்லின் சொரசொரப்புகூடத் தெரிகிற, நல்ல கறுப்பு வெள்ளைப் படம். எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றுதான்: மானைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

படத்தின் ஓரங்களுக்கு வெளியே இருப்பது ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. அதில் விலா எலும்பு துருத்த, கைகளை உயர்த்தி ஒற்றைக் காலில் நிற்கிறான் ஒருவன். அருகில் சிவன். நிற்பவன் அர்ச்சுனனா பகீரதனா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பிளவுக்கு அப்பால், அதே தோரணையில் ஒரு பூனை. அதைச் சுற்றி எலிகள்.

தவசிக்குப் பாசுபதமோ கங்கையோ வேண்டும். பூனைக்கு எலி வேண்டும். அங்கதம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்றுதான் நானும் சொல்லிவந்தேன். மானையும் சேர்த்துப் பார்த்தபோது கணக்கு மாறியது. அதுவும் ஒரு காலைத் தூக்கியிருக்கிறது. எதற்கு? மூக்கு அரித்தது. அவ்வளவே. அதற்குக் கேட்க ஒன்றுமில்லை. கடவுள் வந்து நிற்க வேண்டியதுமில்லை.

சிற்பி இந்தச் சோம்பலைத் தவத்துக்கு எதிராக வைக்கவில்லை, கூட வைத்தான் என்றே நினைக்கிறேன். வற்றிய உடம்புக்குத் தந்த கவனத்தில் மானுக்கு எதுவும் குறையவில்லை. தவத்தின் இறுக்கத்தைப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்குத்தான் மானின் தளர்ச்சி தெரிகிறது.

புகைப்படம் இந்த உறவை வெட்டிவிட்டது. வெட்டியபின் மிஞ்சுவது ஓய்வு அல்ல, வெறும் அழகு. வாழ்த்து அட்டையில் போடலாம். நம் கவிதைகள் பலவும் இப்படித்தான்: ஜன்னல், மழை, ஆறிய காப்பி. எதிலிருந்து ஓய்வு என்பது மட்டும் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. என்னுடையவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். தவசியை மட்டும் பார்த்துவிட்டு, மானைப் பார்ப்பது சோம்பேறித்தனம் என்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் வெட்டுவது மறு பாதியை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். முழுப் பாறையையும் எடுத்தால் மான் நகக்கண் அளவுகூட இராது, பிறகு யார் அதைப் பார்ப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியவில்லை.

படத்தை வாங்கி வைத்திருக்கிறேன். தலைப்பை மட்டும் அடித்துவிட்டேன்.