ஷேர்இட் செயலி: நிறைகளும் குறைகளும், ஒரு மதிப்பீடு

நாமக்கல், ராசிபுரம் பக்கம் நடுகல், கல்வெட்டு பார்க்கப் போகும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "எடுத்த படத்தையெல்லாம் ஒரு போன்ல இருந்து இன்னொரு போனுக்கு எதுலங்க அனுப்பறது?" பக்கத்தில் நிற்கும் ஒருவர் உடனே "ஷேர்இட்ல போடுங்க" என்பார். 2020லேயே தடை செய்யப்பட்ட செயலி அது. ஆனாலும் பழைய போன்களில் இன்னும் இருக்கிறது, ஏபிகே கோப்பாகக் கைமாறவும் செய்கிறது. எனவே அதன் நிறைகுறைகளைத் தொழில்நுட்பப் பார்வையில் எழுதி வைக்கிறேன். தடையின் அரசியல் இங்கே நம் வேலை இல்லை.

எப்படி வேலை செய்கிறது?

நடுவில் சர்வர் கிடையாது, இணையமும் வேண்டாம். இரண்டு போன்களில் ஒன்று ஹாட்ஸ்பாட் ஆகும், மற்றது அதில் போய்ச் சேரும். செயலிக்குள்ளேயே ஒரு குட்டி வெப் சர்வர் ஓடும். கோப்பு அதன் வழியாக நேரே போகும். அவ்வளவுதான் சூத்திரம்.

நிறைகள்

முதலில் வேகம். ஒரு நாள் களப்பணியில் 300 படம், படத்துக்கு 5 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1.5 ஜிபி. ப்ளூடூத் நடைமுறையில் நொடிக்கு 2 மெகாபிட் அளவுதான் தரும், ஆக 100 நிமிடம் ஆகும். சுமாரான வைஃபை இணைப்பு நொடிக்கு 40 மெகாபிட் கொடுத்தாலே 5 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் நினைவிருக்கும். மெமரி கார்டில் பாட்டு ஏத்தித் தரும் கடைகள் பஸ் ஸ்டாண்டுக்கு நாலு இருந்தன. லாரியிலும் போர்வெல் ரிக்கிலும் மாசக்கணக்கில் வெளி மாநிலம் போகிறவர்களுக்குச் சினிமாவும் பாட்டும் இப்படிக் கைமாறித்தான் போய்ச் சேர்ந்தன. அந்தத் தேவையைச் சரியாகப் பிடித்த செயலி ஷேர்இட். இதை ஒப்புக்கொள்ளாமல் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை.

இரண்டாவது, கோப்பு அப்படியே போகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த தேதி, இடம் அடங்கிய எக்ஸிஃப் விவரமும் போய்விடும். தேய்ந்த எழுத்தைச் சாய்ந்த வெயிலில் நிழல் பார்த்து வாசிக்கிறவர்களுக்கு அந்தச் சுருக்கம் பெரிய இழப்பு. ஒரு வளைவு மங்கினாலும் எழுத்து மாறிவிடும். (வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் இந்தப் பிரச்சனை இல்லை. ஆனால் அதற்கு சிக்னல் வேண்டுமே! கொல்லிமலையில் எல்லா இடத்திலும் கிடைக்காது.)

குறைகள்

2016 ஜனவரியில் கோர் செக்யூரிட்டி நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி, விண்டோஸ் பதிப்பு உருவாக்கும் ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல் எல்லாருக்கும் ஒன்றே: 12345678. ஆண்ட்ராய்டு பதிப்பில் கடவுச்சொல்லே இல்லை. கோப்புகளும் குறியாக்கம் இல்லாமல் போயின. 2019ல் ரெட்ஃபோர்ஸ் என்ற குழு இன்னொன்றைச் சொன்னது. அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவர் இல்லாத ஒரு பக்கத்தைக் கேட்டாலே போதும், செயலி அவரைத் தெரிந்த ஆள் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 2021 பிப்ரவரியில் ட்ரெண்ட் மைக்ரோ சொன்னது: அதே போனில் இருக்கும் வேறொரு செயலி ஷேர்இட்டின் கோப்புகளைத் தொட முடியும், அதன் வழியாகத் தீங்கான நிரலையும் ஓட்ட முடியும்.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாவதில் பக்கத்தில் நிற்கும் ஆளை நம்பியது, இரண்டாவதில் ஒரே நெட்வொர்க்கில் இருப்பவரை, மூன்றாவதில் ஒரே போனில் இருக்கும் செயலியை. அருகில் இருப்பதெல்லாம் நம்பகமானது என்ற அனுமானமே வேர். இது ஏதோ ஒரு வரியில் நடந்த பிழை இல்லை, வடிவமைப்பின் குணம்.

இவை ஒவ்வொன்றும் பின்னர் திருத்தப்பட்டன என்பதும் உண்மை. ஆனால் இங்கேதான் நமக்கான சிக்கல். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் 59 செயலிகள் தடையானது 2020 ஜூன் 29. மூன்றாவது ஓட்டை அடைக்கப்பட்டது 2021ல். ஆக, தடைக்கு முன் நிறுவி அப்படியே விட்ட போனுக்கு அந்தத் திருத்தம் பிளே ஸ்டோர் வழியாக வந்து சேர வழியே இல்லை. "என் போன்ல இன்னும் நல்லா வேலை செய்யுதுங்க" என்று சொல்வது பாராட்டே இல்லை, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது விளம்பரம். கோப்பு அனுப்ப வந்த செயலி போகப் போக வீடியோ காட்டும் மேடையாக மாறியது. 2018ல் தென்னிந்தியப் படங்கள் தரும் ஃபாஸ்ட்ஃபில்ம்ஸ் நிறுவனத்தையே வாங்கியது. செயலி பெருக்கப் பெருக்க, ஓட்டை விழ இடமும் பெருகும்.

ஒரு குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்க மாட்டேன். "இருப்பிட அனுமதி கேட்கிறது, அதனால் உளவு" என்பார்கள். ஆண்ட்ராய்டு 6க்குப் பிறகு பக்கத்து வைஃபையைத் தேடவே அந்த அனுமதி தேவைப்பட்டது. 13ஆம் பதிப்பில்தான் இதற்குத் தனி அனுமதி வந்தது. கேட்டதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மாற்று என்ன?

இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் க்விக் ஷேர் போதும். 2020ல் நியர்பை ஷேர் என்ற பெயரில் வந்தது, 2024ல் பெயர் மாறியது. ஐபோன், விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் கலந்த குழுவுக்கு லோக்கல்சென்ட். மூல நிரல் திறந்தது, விளம்பரம் இல்லை, குறியாக்கம் உண்டு. குறையும் உண்டு: தானாக ஹாட்ஸ்பாட் போடாது. யாராவது ஒருவர் போட்டு, மற்றவர்கள் அதில் சேர வேண்டும். சில லாட்ஜ், ஓட்டல் வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே விடமாட்டார்கள். அங்கே சொந்த ஹாட்ஸ்பாட்தான் வழி.

எதில் அனுப்பினாலும் ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸிஃபில் ஜிபிஎஸ் இருந்தால், காட்டோரம் காவலின்றி நிற்கும் நடுகல்லின் விலாசமும் படத்தோடு சேர்ந்தே போகிறது. ஆய்வுக்கு அது வேண்டும், ஊருக்கெல்லாம் வேண்டாம். வெளியாட்களுக்கு அனுப்பும் பிரதியில் அதை நீக்கிவிடுங்கள்.

மொத்தத்தில் என் மதிப்பீடு: யோசனைக்கு முழு மதிப்பெண், நம்பகத்துக்குத் தேறாத மதிப்பெண். பழைய போனில் ஷேர்இட் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடலாம்.