தமிழ் வெகுசனத் திரைப்படங்களில் நிறமும் பெண்ணுருவாக்கமும்: 'சிவாஜி' முதல் 'ஜெய் பீம்' வரை

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் வெகுசனத் திரைப்படங்களில் கறுப்பு நிறம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. நாயகனிடத்து அது மண்ணின் அடையாளமாகவும் உழைப்பின் சான்றாகவும் போற்றப்படுகிறது. பெண்ணிடத்து அது நகைப்புக்குரிய குறையாகவோ, தேவைக்கேற்பப் பூசிக் கலைக்கத்தக்க ஒப்பனையாகவோ அமைகிறது. 2007 முதல் 2021 வரை வெளிவந்த சில திரைப்படங்களைக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. வணிகப் படங்களுக்கு மாற்றாகக் கருதப்படும் நடப்பியல் படங்களும் இவ்வழக்கத்தைப் பெரும்பாலும் மீறவில்லை என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தமிழ்த் திரைப்படம், நிறம், பாலினம், ஒப்பனை, பின்னணிக் குரல், நடப்பியல்.

முன்னுரை

திரைப்படங்களில் இனமும் பாலினமும் சித்திரிக்கப்படும் முறை குறித்த ஆய்வுகள் அமெரிக்கத் திரைப்படங்களை முன்வைத்தே பெரிதும் வளர்ந்தன. 1915இல் வெளிவந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தில் முதன்மையான கறுப்பினப் பாத்திரங்களில் வெள்ளையர்களே முகத்தில் கருமை பூசி நடித்தனர். ஓர் இனத்தாரின் உருவம் திரையில் இருக்க, அவ்வினத்தார் அங்கு இல்லாமற்போகும் இந்நிலையை அவ்வாய்வுகள் விரிவாகப் பேசியுள்ளன.

அக்கருத்தாக்கத்தைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. இங்கு நிறத்தின் அடிப்படையில் மக்களைப் பிரித்த சட்டம் இருந்ததில்லை. ஒரே குடும்பத்தில் பல நிறத்தவர் இருப்பர். ஒருவரின் நிறத்தைக் கொண்டு அவர்தம் சாதியை அறிந்துவிடவும் முடியாது. ஆயினும் திரைப்படம் அத்தகைய தொடர்பை உண்டாக்கிக் காட்டுகிறது. செல்வரும் நகரத்தாரும் வெளுத்தும், உழைப்போரும் ஒடுக்கப்பட்டோரும் கறுத்தும் தோன்றுகின்றனர். இப்பகுப்பிலிருந்து ஆண் நாயகனுக்கு விலக்கு உண்டு, பெண்ணுக்கு இல்லை. விஜயகாந்த், முரளி, தனுஷ், விஜய் சேதுபதி என நீளும் நாயகர் வரிசைக்கு இணையான கறுப்பு நிற நாயகியர் வரிசை ஒன்றைத் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் காட்டுவது அரிது. இவ்வின்மை எவ்வாறு இயல்பானதாக ஆக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

நிறம் குறித்த சொற்களும் மரபும்

சங்க அகப்பாடல்களில் தலைவியின் இயல்பான நிறம் 'மாமை' எனப்படுகிறது. மாந்தளிரின் நிறத்தோடு ஒப்பிட்டு உரையாசிரியர்கள் இதனை விளக்குவர். தலைவனைப் பிரிந்த காலத்தில் அம்மாமையை அழித்துப் படர்வது பசலை. அதாவது, மேனி வெளிறுதல் அங்கு அழகின் இழப்பு, துயரின் அறிகுறி. இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் நிறவேறுபாடு அறியாதவர் என்று முடிவு கட்டிவிட முடியாது. இலக்கிய மரபு ஒன்று சமூக நடைமுறைக்கு முழுச் சான்றாகாது. எனினும், வெளுப்பே பெண்ணழகு என்னும் இன்றைய எண்ணம் காலங்காலமாக மாறாது வருவது என்ற கூற்றுக்கு இம்மரபு இடம்தரவில்லை.

இன்றைய பேச்சுவழக்கில் வெளுத்த மேனி 'சிவப்பு' எனப்படுகிறது. 'நல்ல கலர்' என்றாலும் பொருள் அதுவே. நிறம் என்னும் பொதுச்சொல்லே ஒரு நிறத்துக்கு மட்டும் உரியதாகிவிட்டது. 'மாநிறம்' என்பதோ மணமகள் தேடும் விளம்பரங்களில் கறுப்பு என்று சொல்லாமல் தவிர்ப்பதற்கு உதவும் இடக்கரடக்கலாகச் சுருங்கியுள்ளது. திரைப்படம் இச்சொல்வழக்கின் மீதே தன் பெண்ணுருவங்களை எழுப்புகிறது.

பாரி மகளிர் பெயரில் ஒரு நகைச்சுவை

ஷங்கர் இயக்கத்தில் 2007இல் வெளிவந்த 'சிவாஜி' இவ்வகையில் முதன்மையான சான்று. வெளிநாட்டிலிருந்து திரும்பிய நாயகன் பண்பாடு மாறாத தமிழ்ப்பெண் ஒருத்தியை மணக்க விரும்புகிறான். அவன் கண்டடையும் பெண்ணின் பெயர் தமிழ்ச்செல்வி. அப்பாத்திரத்தில் நடித்தவர் வடஇந்தியரான ஸ்ரேயா சரண். தன் கறுப்பு நிறம் மறுக்கப்படுவதாக எண்ணும் நாயகன் சிவப்பாக முயல்வதும், கற்பனைப் பாடல் ஒன்றில் கணினி வரைகலையால் வெள்ளையனாகத் தோன்றுவதும் படத்தில் இடம்பெறுகின்றன. இவை நாயகனின் மதிப்பைக் குறைப்பதில்லை. ரஜினிகாந்தின் நிறம் ரசிகர் கொண்டாடும் அடையாளமாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டதால், வெள்ளையான ரஜினி ஒரு வேடிக்கையாகவே நின்றுவிடுகிறார். படம் முடியும்போது அவர் கறுப்பு நாயகராகவே வெல்கிறார்.

இதே படத்தில் அண்டை வீட்டாரின் மகளிர் இருவர் கரிய ஒப்பனையுடன் தோன்றுகின்றனர். தந்தை அவர்களை நாயகனுக்கு மணம்பேச முன்வருவதும், அவர்களைக் கண்டு நாயகனும் அவன் மாமனும் மிரள்வதும் நகைச்சுவையாக்கப்பட்டுள்ளன. அம்மகளிர்க்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. தந்தையாக நடித்தவர் தமிழ்ப் பேராசிரியரும் பட்டிமன்ற நடுவருமான சாலமன் பாப்பையா.

இப்பெயர்த் தெரிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது. அங்கவை, சங்கவை என்பன பிற்கால மரபு அவர்களுக்கு வழங்கிய பெயர்கள். மூவேந்தர் முற்றுகையில் பாரி மாய்ந்தபின் கபிலர் அம்மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணந்துகொள்ளுமாறு வேண்டியதையும், இருங்கோவேள் மறுக்க அவர் வெகுண்டு பாடியதையும் புறநானூறு காட்டுகிறது. தந்தையையும் நாட்டையும் இழந்த பெண்களுக்கு மணமகன் தேடிய அவலநிலையும், அதனைப் பொருட்படுத்தாதவன் மீது புலவர் கொண்ட சினமும் அங்குள்ளன. திரைப்படத்தில் அதே சூழல் தலைகீழாகிறது. மகளிர்க்கு மணம்பேசுதல் உண்டு, மறுப்பும் உண்டு. மறுத்தவன் மீதான சினம் மட்டும் இல்லை. சிரிப்பு மறுக்கப்பட்டவர்களை நோக்கித் திரும்புகிறது. தமிழ்ப்பெண் என்னும் இலட்சியத்துக்கு வடஇந்திய நடிகையின் உடலும், சங்க மரபின் பெயர்களுக்குக் கரிய ஒப்பனையும் ஒரே படத்தில் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. தமிழ் அடையாளத்தை உயர்த்திப் பேசும் பண்பாட்டுப் பெருமிதம், தமிழ்ப் பெண்ணின் உடலை ஏற்பதில்லை என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

உடல் ஒருவர், குரல் ஒருவர்

இவ்வேற்காமைக்குத் தொழில்நுட்ப வாய்ப்பாக அமைவது பின்னணிக் குரல். நாயகியின் தோற்றம் ஒருவருடையதாகவும் தமிழ் மற்றொருவருடையதாகவும் இருக்கலாம் என்ற ஏற்பாடு, மொழியறிவை நடிகைக்குரிய தகுதிகளிலிருந்து நீக்கிவிட்டது. எஞ்சும் தகுதிகளுள் நிறமே முன்னிற்கிறது.

சரிதாவின் கலைவாழ்வு இதனைத் தெளிவாக உணர்த்தும். 'தப்புத் தாளங்கள்' (1978), 'தண்ணீர் தண்ணீர்' (1981), 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) முதலிய கே. பாலசந்தர் படங்களில் கறுத்த மேனியுடன் ஒப்பற்ற நடிப்பை வழங்கியவர் அவர். பின்னாளில் அவர் பிற நாயகியர் பலருக்குப் பின்னணிக் குரல் வழங்கினார். அவருடைய குரலைத் திரைத்துறை தொடர்ந்து நாடியது. அவர் போன்ற தோற்றமுடைய அடுத்த நாயகியை அதே ஆர்வத்துடன் தேடவில்லை.

வெற்றிமாறனின் 'ஆடுகளம்' (2011) மற்றொரு நுட்பமான சான்று. நாயகனின் பெயரே கருப்பு. அவன் காதலிக்கும் ஐரின் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண். வெளுத்த நாயகிக்குக் கதையளவில் காரணம் கற்பித்த படம் என்ற வகையில் இது பிற படங்களினின்று வேறுபடுகிறது. ஆனால் அப்பாத்திரத்தில் நடித்தவர் டெல்லியைச் சேர்ந்த டாப்சி. அவருக்குக் குரல் வழங்கிய ஆண்ட்ரியா ஜெரெமியா, தாமே ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்த நடிகை. பாத்திரத்துக்கு உரிய சமூகப் பின்னணி கொண்டவர் குரலாக மட்டும் பயன்பட்டார்.

'மதராசபட்டினம்' (2010) படத்தில் ஆங்கிலேயப் பெண்ணாக அறிமுகமான பிரித்தானிய நடிகை எமி ஜாக்சன், 'தெறி' (2016) படத்தில் மலையாளி ஆசிரியையாக நடித்தார். '2.0' (2018) படத்தில் நிலா என்னும் எந்திரப் பெண்ணானார். வெளுத்த உடல் எவ்வூர்ப் பெண்ணாகவும் ஆகலாம், மனிதரல்லாததாகவும் ஆகலாம். கறுத்த பெண்ணுடலுக்கோ ஏழை, சிற்றூராள், ஒடுக்கப்பட்டவள் என்னும் சில இடங்களே திறந்துள்ளன. அவ்விடங்களும் அதற்கே உறுதியாகக் கிடைப்பதில்லை என்பதை அடுத்த பகுதி காட்டும்.

ஒப்பனைக் கறுப்பு

2007இலேயே வெளிவந்த அமீரின் 'பருத்திவீரன்' வணிகப் படங்களின் பொய்த்தோற்றத்துக்கு மறுப்பாக வரவேற்கப்பட்டது. முத்தழகு பாத்திரத்துக்காகப் பிரியாமணி சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். பாலாவின் 'பரதேசி' (2013), தேயிலைத் தோட்டக் கொத்தடிமைகளின் துயரைச் சொல்லும் 'ரெட் டீ' என்னும் புதினத்தைத் தழுவியது. அதில் அங்கம்மாவாக வேதிகா நடித்தார். த.செ. ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021), காவல்நிலையக் கொடுமைக்கு எதிரான உண்மை வழக்கொன்றை அடிப்படையாகக் கொண்டது. இருளர் சமூகப் பெண் செங்கேணியாகக் கேரள நடிகை லிஜோமோள் ஜோஸ் நடித்தார். இம்மூன்று பாத்திரங்களுக்கும் நடிகையரின் மேனி ஒப்பனையால் கருமையாக்கப்பட்டது.

மூவர் நடிப்பின் சிறப்பும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. நடிப்பு என்பதே பிறராதல். ஆதலின் ஒப்பனையைக் குறைகூறுவது பொருந்தாது என்ற எதிர்வாதம் எழலாம். 'பரதேசி'யில் ஆண் நடிகர்களும் கருமை பூசினர் என்பதும் உண்மை. ஆனால் பிறராதல் இங்கு ஒரு திசையில் மட்டுமே நிகழ்கிறது. வெளுத்த நடிகை கறுத்த பெண்ணாகலாம். கறுத்த நடிகை நகரத்துச் செல்வக்குடி நாயகியாவதற்கு அவ்வாறு வழி திறக்கப்படுவதில்லை. கருமை பூசிய ஆண் நடிகர்க்கு அருகில், பூசாமலேயே நாயகராக விளங்கும் கறுத்த ஆண்கள் பலர் உள்ளனர். பெண்ணுக்கு அத்தகைய துணை இல்லை.

இப்படங்களின் நடப்பியல் மண், வீடு, உடை, வட்டார வழக்கு அனைத்திலும் உண்மையைத் தேடுகிறது; நாயகியின் மேனியில் மட்டும் போலச்செய்தலோடு நிறைவடைகிறது. ஒப்பனை பாத்திரத்தின் வறுமைக்கும் ஒடுக்குமுறைக்கும் குறியீடாகிறது. படப்பிடிப்பு முடிந்ததும் நடிகை அதைக் கழுவிவிடலாம். அந்நிறத்தோடு பிறந்த பெண் அவ்வாறு செய்ய இயலாது. அவளுடைய துயர் திரையில் இடம்பெறுகிறது, ஆனால் அதனை நடிக்கும் வேலைவாய்ப்பு அவளுக்குக் கிட்டுவதில்லை. இது அழகியல் சிக்கல் மட்டுமன்று, உழைப்புரிமைச் சிக்கலுமாகும். 'சிவாஜி'யின் கரிய ஒப்பனை சிரிக்கவும் 'ஜெய் பீம்' படத்தின் கரிய ஒப்பனை இரங்கவும் வைக்கின்றன. நோக்கங்கள் நேர்மாறானவை. எனினும் கறுப்பைப் பெண்ணின் மேல் ஏற்றும் பொருளாகக் கொள்ளும் முறையில் இரண்டும் ஒன்றே.

மாற்றுகள்

மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) இம்முறையினின்று விலகியது. சென்னைக் குடிசைப்பகுதியில், கணவன் சிறையிலிருக்க, இரு சிறுவரை வளர்க்கும் தாயாகச் சென்னையில் வளர்ந்த ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். அவர் பின்னர் 'கனா' (2018) படத்தில் மட்டைப்பந்து வீராங்கனையாக, கதையின் மையத் தலைவியானார். இருப்பினும், அப்பாத்திரமும் உழவர் குடும்பத்துப் பெண்ணே என்பது, திறந்த கதவின் அகலத்தைக் காட்டுகிறது.

பா. இரஞ்சித்தின் 'காலா' (2018), கறுப்பும் வெண்மையும் ஏற்ற பொருளை நேரடியாகவே புரட்டிப்போட்டது. வெண்ணிற உடையும் வெண்ணிற இல்லமும் கொண்ட ஹரி தாதா அழிப்பவன். கறுப்பு, தாராவி மக்களின் உழைப்பின் நிறம். இக்கருத்தை மொழிபவன் ஆண் நாயகனே எனினும், அஞ்சலி பாட்டீல் நடித்த புயல் பாத்திரம் அதைப் பெண்ணுக்கும் உரியதாக்குகிறது. காவலர் தன் ஆடையைக் களைந்தெறிந்தபோது, அவள் ஆடையை விடுத்துத் தடியைக் கையிலெடுக்கிறாள். அவளுடைய உடல் நகைப்புக்கோ இரக்கத்துக்கோ உரிய பொருளாகாமல் எதிர்ப்பின் இடமாகிறது.

இவ்விடத்தில் ஒரு தெளிவு தேவை. இக்கட்டுரையின் வாதம் பிறமொழி நடிகையர் மீதான ஒவ்வாமையாகத் திரிபுறுதல் கூடாது. சரிதாவின் தாய்மொழி தெலுங்கு. அஞ்சலி பாட்டீல் மராத்தியர். நடிகை எங்கிருந்து வருகிறார் என்பதன்று வினா. எவ்வகை உடல்கள் எவ்வகைப் பாத்திரங்களுக்கு முன்கூட்டியே தகுதியற்றனவாக்கப்படுகின்றன என்பதே வினா.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. தமிழ் வெகுசனத் திரைப்படத்தில் கறுப்பு ஆணுக்கு அடையாளம், பெண்ணுக்கு ஒப்பனை. பின்னணிக் குரல் முறை தமிழ்ப் பேச்சையும் பெண்ணுடலையும் பிரித்து, வெளுத்த தோற்றத்தை நாயகிக்குரிய முதன்மைத் தகுதியாக்க வழிவகுத்துள்ளது. நடப்பியல் படங்கள் கறுத்த பெண்ணின் வாழ்வைக் கதையாக்கிய அளவுக்கு அவளுடைய உடலைத் திரையில் ஏற்கவில்லை.

திரைப்பட ஆய்வுகள் ஒரு படத்தின் கதைக்கருவும் அரசியல் நிலைப்பாடும் முற்போக்கானவையா என்று மதிப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன. பாத்திரத் தெரிவு, ஒப்பனை, குரல் ஆகிய ஆக்கநிலைகளையும் பனுவலின் பகுதிகளாகக் கொண்டு வாசிக்கும்போதே, கதை மறுக்கும் ஒன்றைப் படம் எவ்வாறு தன் ஆக்கமுறையால் நிலைநிறுத்துகிறது என்பது புலப்படும். அங்கவை, சங்கவை எனப் பெயர் பெற்ற பாத்திரங்கள் சிரிப்புக்கு உள்ளாகாத நிலையும், செங்கேணியாக நடிக்கும் வாய்ப்பு அத்தகைய வாழ்விலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கிட்டும் நிலையும் தனித்தனி மாற்றங்களல்ல. ஒன்றின்றி மற்றொன்று முழுமையடையாது.